ஒரே பிஎம்டபிள்யூ எம்3, மூன்று வருஷ மாடல்: மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தது

புது வருஷ மாடல் வந்தாச்சு என்றதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன புதுசா குடுத்திருக்கான்?" என்பதுதான். நான் அதைக் கேட்பதே இல்லை. எதை எடுத்துட்டான் என்று பார்ப்பேன். கொடுத்ததை அவனே தம்பட்டம் அடித்துச் சொல்லிவிடுவான். எடுத்ததை எந்த விளம்பரத் தாளிலும் போடமாட்டான். வண்டி வீட்டுக்கு வந்து, ஒரு மழை பார்த்து, ஒரு நீளமான இரவுப் பயணம் போய் வந்த பிறகு நாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெர்ஃபார்மன்ஸ் செடான்களோடு மாரடித்ததில் வந்த புத்தி இது. சாதாரணக் குடும்பக் காருக்கு வருஷ மாற்றம் என்றால் ஒரு புது நிறம், கதவோரம் ஒரு குரோம் பட்டை, அவ்வளவுதான். வேகத்துக்காக வாங்குகிற நாலு கதவு வண்டியில் கதை வேறு. அதை வாங்குகிறவர் போல்ட் போல்ட்டாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார். ஒரு ஸ்பிரிங்கை லேசாக மாற்றினாலும் வண்டி திரும்புகிற விதம் மாறும், அது அவருக்குத் தெரிந்துவிடும். தெரியாவிட்டாலும் தெரிந்த மாதிரியே பேசுவார்.

என்னிடம் இருப்பது 2021 பிஎம்டபிள்யூ எம்3. ஜி80 தலைமுறை, காம்பெடிஷன் என்ற கூடுதல் சக்தி வகை இல்லை, அடிப்படை வகை, ஆறு கியர் மேனுவல், பின்சக்கர ஓட்டம். கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் 2023 மாடல் வைத்திருக்கிறான்: காம்பெடிஷன் எக்ஸ்டிரைவ், அதாவது நாலு சக்கர இழுவை, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். எங்கள் வட்டத்திலேயே மூத்தவரான அண்ணன் எடுத்தது 2025 மாடல், அதுவும் காம்பெடிஷன் எக்ஸ்டிரைவ்தான். மூன்றையும் ஒரே மலைப்பாதையில், ஒரே காலையில், சாவியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு ஓட்டினோம்.

என் வண்டியையும் அந்த இரண்டையும் வேகத்தில் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. என்னுடையது 480 பிஎஸ் (குதிரைத்திறன் கணக்குதான்), 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. தம்பியுடையது 510 பிஎஸ், 650 நியூட்டன் மீட்டர், போதாததற்கு நாலு சக்கரமும் இழுக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட என்னுடையதற்கு 4.2 நொடி, அவனுடையதற்கு 3.5 நொடி என்று கம்பெனியே சொல்கிறது. ஆனால் மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே எஸ்58 எஞ்சின், அதே 2,993 சிசி, வரிசையில் ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. உடம்பும் ஒன்றே. அதனால் வகை வித்தியாசத்தைக் கழித்துவிட்டால், மிச்சம் இருப்பதெல்லாம் அந்தந்த வருஷம் எவனோ ஒரு கூட்டத்தில் எடுத்த முடிவுதான்.

முதலில் 2025. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டது 20 பிஎஸ் கூடியிருக்கிறது என்பதை. 510 இருந்தது 530 ஆகிவிட்டது. முறுக்குவிசை அதே 650. நூறு தொடும் நேரமும் அதே 3.5 நொடி! அண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் கொஞ்சம் கூட அசரவில்லை. "நேரம் அதேதாம்மா. ஆனா மேல போகப் போக மூச்சு வாங்காம இழுக்குது பாரு," என்றார். ஓட்டிப் பார்த்தேன். ஆறாயிரம் சுற்றுக்கு மேல் கொஞ்சம் தாராளமாக இழுப்பது மாதிரி இருந்தது. மாதிரி இருந்தது என்றுதான் சொல்வேன். 530 என்று முன்கூட்டியே தெரியாமல் கண்ணைக் கட்டி உட்கார வைத்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். 1,780 கிலோ வண்டியில் இருபது குதிரை கூடுதல் என்பது கிட்டத்தட்ட நாலு சதவீதம். டேங்க் நிரம்பியிருப்பதும் காலியாக இருப்பதும், பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருப்பதும் இல்லாததும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

2025-இல் எனக்கு நிஜமாகவே பிடித்தது ஸ்டீயரிங். அடிப்பகுதி தட்டையாக்கிய புது வளையம். என் வண்டியின் ஸ்டீயரிங் பருமன் அதிகம். உள்ளங்கை சிறிதாக இருப்பவர்களுக்கு அதைப் பிடித்துக்கொண்டே நாம் விரும்பிய ஓட்ட அமைப்பைச் சேமித்து வைக்கும் எம்1, எம்2 பொத்தானைக் கட்டைவிரலால் எட்டுவது ஒரு சின்ன உடற்பயிற்சி. பிஎம்டபிள்யூக்காரர்களின் இந்த உலக்கைப் பருமன் மோகம் எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை. புதியதில் பிடி கைக்கு அடங்குகிறது. முன்விளக்கின் வடிவத்தையும் மாற்றியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நடுவில் இருக்கும் 2023. இந்த மாடலைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் எடுத்தது இங்கேதான் நடந்தது.

என் வண்டியில் டேஷ்போர்டின் நடுவில், காற்றுத் துளைகளுக்குக் கீழே ஏசிக்கென்று ஒரு வரிசைப் பொத்தான் இருக்கிறது. வெப்பநிலைக்கு ஒன்று, காற்றின் வேகத்துக்கு ஒன்று, கண்ணாடிப் பனி விலக்க ஒன்று. பார்க்கவே வேண்டாம். கை தானாகப் போகும், விளிம்பைத் தடவினாலே எது எது என்று தெரியும். 2022 நடுவில் உற்பத்தியான வண்டிகளிலிருந்து, அதாவது 2023 மாடலிலிருந்து, வளைந்த பெரிய திரை வந்தது. ஓட்டுநருக்கு எதிரே 12.3 அங்குலம், நடுவில் 14.9 அங்குலம், இரண்டும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால். என் வண்டியின் நடுத்திரை 10.25 அங்குலம்தான். பார்க்க 2023 வேறு தலைமுறை வண்டி மாதிரி இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தத் திரை வந்தபோது பொத்தான் வரிசை போய்விட்டது.

நடைமுறையில் இது என்ன செய்கிறது என்பதை அந்த மலைப்பாதையில் பார்த்தேன். தம்பி வண்டியை நான் ஓட்டினேன், அவன் பக்கத்தில். ஏறுமுகம், அடுத்தடுத்து வளைவு, சாலை நடுவில் ஒட்டுப் போட்ட தார். முகத்தில் காற்று அதிகமாக அடித்தது, குறைக்க நினைத்தேன். வெப்பநிலை எண் திரையின் அடியில் எப்போதும் நிற்கிறது, அது சரி. காற்றின் வேகத்தைக் குறைக்க அந்த ஏசிப் படத்தைத் தொட்டு, உள்ளே இன்னொரு பக்கம் திறந்து, அதில் கோட்டை இழுக்க வேண்டும். முதல் தொடல் ஒட்டுத் தாரின் குலுக்கலில் பக்கத்தில் பட்டு சீட் சூடேற்றியைத் திறந்தது. அதை மூடுவதற்குள் வளைவு வந்துவிட்டது. விரல் அந்தரத்தில், கண் சாலையில்.

"அக்கா, குரல்ல சொல்லுங்க, அதுவே குறைச்சுடும்," என்றான்.

சொன்னேன். குறைத்தது. 510 பிஎஸ் வண்டியில் மூன்றாவது கியர் வளைவுக்கு நடுவே ஏசியோடு பேச்சுவார்த்தை நடத்துவது எனக்கு உவப்பாக இல்லை.

தம்பிக்கு இதில் குறையே தெரியவில்லை. அவன் இதற்கு முன் ஓட்டியதெல்லாம் திரை வைத்த வண்டிகள்தான், பொத்தான் இருந்த இடம் அவன் விரலுக்குத் தெரியாது. "ஆட்டோவுல போட்டுட்டா அதை ஏன்க்கா தொடணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. வருஷ மாடல் சண்டைகளில் பாதி இப்படித்தான் முடிகிறது. முந்தைய மாடலை ஓட்டியவருக்கு இழப்பாகத் தெரிவது நேராகப் புதியதற்கு வந்தவருக்குக் கண்ணிலேயே படுவதில்லை. இருவரும் ஒரே வண்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் ஏறுவதில்லை.

2025-இலும் அதே வளைந்த திரைதான், உள்ளிருக்கும் மென்பொருள்தான் புதிது. ஐடிரைவ் என்பது பிஎம்டபிள்யூ திரை மென்பொருளின் பெயர், அதன் 8 இருந்த இடத்தில் 8.5. குறுக்குவழிகள் முகப்புப் பக்கத்திலேயே செங்குத்தாக அடுக்கியிருக்கின்றன, தேடி உள்ளே போவது குறைந்திருக்கிறது. 2023-இல் கெட்டதை 2025-இல் பாதி சரிசெய்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். பொத்தான் மட்டும் திரும்ப வரவில்லை. என் வண்டியில் இருப்பது ஐடிரைவ் 7. அதை 8-க்கு ஏற்ற வழியில்லை, அடிப்படை வன்பொருளே வேறு. தொலைபேசி மாதிரி வண்டியும் காற்று வழியே புதுப்பித்துக்கொள்ளும் என்று வாங்கும்போது சொல்வார்கள். அது அந்தத் தலைமுறைத் திரைக்குள்தான். அடுத்த திரை வந்தால் நீங்கள் பழைய ஆள்.

இதில் இன்னொரு வேடிக்கை. 2020 செப்டம்பரில் இந்த எம்3 முகத்தைக் காட்டியபோது உலகமே அந்த மூக்கைப் பார்த்துத்தான் சிரித்தது. இரண்டு பெரிய செங்குத்து ஓட்டை. முந்தைய எஃப்80 வைத்திருந்தவர்கள் சாபமே விட்டார்கள். சரி, எல்லாரும் இவ்வளவு திட்டுகிறார்களே, நடுவில் வரும் தோற்றப் புதுப்பிப்பில் (ஃபேஸ்லிஃப்ட்) மாற்றுவார்கள் என்று காத்திருந்தவர்களை எனக்கே தெரியும். 2025 வந்தது, மூக்கு அப்படியே இருக்கிறது. எல்லாரும் குறை சொன்னதைத் தொடவில்லை. ஒருவரும் குறை சொல்லாத ஏசிப் பொத்தானை எடுத்துவிட்டார்கள். வருஷ மாற்றங்களை உரிமையாளர் பேச்சைக் கேட்டுச் செய்வதாக நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் யோசித்துப் பார்க்கட்டும். ஒரு வகைப் பொத்தான்களை உருவாக்கி, சோதித்து, வயரிங் போட்டுப் பொருத்துவதைவிடத் திரையில் ஒரு படம் வரைவது மலிவு. அதற்கு மேல் பெரிய ரகசியம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மூக்கைப் பற்றி இன்னொன்று. இப்போது யாரும் சிரிப்பதில்லை. பழகிவிட்டது.

சாலையில் மூன்றும் எப்படி என்று சொல்லாமல் விட்டால் இது விமர்சனமே அல்ல. என்னுடையது 1,705 கிலோ. எக்ஸ்டிரைவ் வண்டிகள் அதைவிட 75 கிலோ கூடுதல், அந்த எடை பெரும்பாலும் முன்பக்கத்தில். வளைவுக்குள் நுழையும்போது இது தெரிகிறது. என் வண்டியில் மூக்கு கொஞ்சம் முந்திக்கொண்டு உள்ளே வரும். வெளியே வரும்போது கதை தலைகீழ். அன்று காலை நிழல் விழுந்த வளைவுகளில் சாலை இன்னும் ஈரம். இரண்டாவது கியரில் நான் ஆக்ஸிலேட்டரை அழுத்த ஆரம்பித்ததும் பின்பக்கம் லேசாக இடுப்பை ஆட்டியது, டிராக்‌ஷன் கட்டுப்பாட்டு விளக்கு கண் சிமிட்டியது, காலைத் தூக்கிக் காத்திருந்தேன். அதே வளைவில் அண்ணன் வண்டியில் பாதி வளைவிலேயே முழுதாக அழுத்தினேன். ஒரு உறுமல், அடுத்த கணம் நேர்சாலை. நடுவில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. திறமை என்னுடையது இல்லை, முன்சக்கரங்களுடையது. வேண்டுமென்றால் அந்த எக்ஸ்டிரைவைப் பின்சக்கர ஓட்டத்துக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை முழுக்க அணைக்க வேண்டும். ஈர மலைப்பாதையில் அடுத்தவர் வண்டியில் அந்த வேலைக்கு நான் போகவில்லை.

2023-க்கும் 2025-க்கும் ஓட்டத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், சஸ்பென்ஷனில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் என் முதுகுக்குத் தெரியவில்லை. பிரேக் மிதி அதே மாதிரி, மின்னணு வழி, இரண்டு நிலை. கியர் மாறும் வேகம் அதே. நேர்மையாகச் சொன்னால் இரண்டையும் ஒன்றாக நிறுத்தி, ஸ்டீயரிங்கையும் விளக்கையும் துணி போட்டு மூடிவிட்டால் ஓட்டிக் கண்டுபிடிக்க முடியாது.

மேனுவல் வைத்திருக்கும் எங்களுக்கு இந்த வருஷ விளையாட்டில் பங்கே இல்லை. 530 ஆனது காம்பெடிஷன் எக்ஸ்டிரைவுக்குத்தான், மேனுவல் 480-லேயே நிற்கிறது. மேனுவலோடு நாலு சக்கர இழுவையும் கிடையாது. முதலில் இது மாற்றாந்தாய் மனப்பான்மை மாதிரி பட்டது. பிறகு யோசித்தால், தொடாமல் விட்டதே உபகாரம். 2012-க்கு அப்புறம் எத்தனை வண்டிகளில் புதுப்பிப்பு என்ற பேரில் மூன்றாவது மிதியையே எடுத்துவிட்டார்கள்!

எல்லா வருஷ மாற்றமும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் மட்டும் என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. இதற்கு முன் நான் வைத்திருந்தது லெக்ஸஸ் ஐஎஸ் எஃப், 2011 மாடல். அந்த வண்டியை விளம்பரக்காரர்கள் நடத்தியதைவிடப் பொறியாளர்கள் நன்றாக நடத்தினார்கள். 2008-இல் வந்தபோது 5 லிட்டர் வி8, 416 குதிரைத்திறன், ஆனால் ஒரு சக்கரம் வழுக்கினால் விசையை மற்றதற்குத் தள்ளும் இயந்திர வகை லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பின்பக்கம் இல்லை. சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து அடக்குகிற ஏற்பாடுதான். 2010 மாடலில் அந்த இயந்திர வகை, டார்சன் டிஃபரன்ஷியல், வந்தது. 2011-இல் சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள். குதிரைத்திறன் அதே 416. வெளியே ஒரு பட்டை விளக்கு தவிர பெரிதாக ஒன்றும் தெரியாது. நான் வாங்கும் முன் ஒரு 2008-ஐ ஓட்டியிருக்கிறேன். ரயில்வே கேட்டைத் தாண்டினால் பல் ஆடும். 2011-இல் அதே கேட்டில் காபி சிந்தாது. தலைமைப் பொறியாளர் யுகிஹிகோ யகுச்சி கடைசிவரை அந்த வண்டியைத் தட்டிக் கொட்டிக்கொண்டே இருந்தார். அதனால்தான் பழைய ஐஎஸ் எஃப் தேடுபவர்கள் கிலோமீட்டரைக் கேட்கும் முன் வருஷத்தைக் கேட்பார்கள்.

சுபாரு எஸ்டிஐ இன்னும் கறாரான உதாரணம். அமெரிக்காவில் 2004 மாடலும் 2005 மாடலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் 2004-இன் சக்கரத்தை 2005-இல் மாட்ட முடியாது! ஐந்து போல்ட்டுகளின் வட்டம் 100 மில்லிமீட்டரிலிருந்து 114.3 ஆகிவிட்டது, சக்கரமும் அரை அங்குலம் அகலமானது. பளிச்சென்று சொல்ல ஒன்றுமில்லாத மாற்றம், ஆனால் சக்கரம் பூட்டும் மையமான ஹப்பையே பலப்படுத்திய வருஷம் அது. அதே எஸ்டிஐ 2018-இல் ஆறு பிஸ்டன் பிரெம்போ பிரேக்கைக் கொடுத்துவிட்டு, நடு டிஃபரன்ஷியலில் இருந்த இயந்திரப் பகுதியை எடுத்து முழுக்க மின்னணு ஆக்கியது. 2019-இல் 305 குதிரைத்திறன் 310 ஆனது, கூடவே மூன்றாவது கியரின் விகிதத்தையும் மாற்றினார்கள். ஐந்து குதிரையை யாரும் உணரப் போவதில்லை. மூன்றாவது கியரைத் தினமும் உணர்வார்கள்.

அதற்கும் முந்தியது மிட்சுபிஷி எவோ. 1992-இல் ஒன்று, 1994-இல் இரண்டு, 1995-இல் மூன்று, 1996-இல் நாலு என்று ரோமன் எண்ணைப் போட்டு வரிசையாக விட்டார்கள். அது சந்தைக்காக மட்டும் செய்த வேலை இல்லை. குரூப் ஏ ராலியில் ஓட வேண்டுமென்றால் அந்த வண்டியைக் குறைந்தது 2,500 எண்ணிக்கையில் பொதுமக்களுக்காகவும் தயாரிக்க வேண்டும் என்பது விதி. ராலியில் எது தேவைப்பட்டதோ அது கடைக்கு வந்தது. நாலாவதில் பின்சக்கரங்களுக்கு விசையைப் பங்கிடும் ஆக்டிவ் யா கன்ட்ரோல், 1998-இன் ஐந்தாவதில் அகன்ற உடம்பும் பிரெம்போ பிரேக்கும். அந்த வண்டிக்காரர்களுக்குப் புது எண் வந்தால் வயிற்றெரிச்சல் வந்ததற்குக் காரணம் இருந்தது. வந்தது நிஜமாகவே வேறு வண்டி.

இன்னொரு வழக்கம் இதற்கெல்லாம் மூத்தது. 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன், வண்டி பழுதாகாவிட்டாலும் அதன் தோற்றத்தைப் பழசாக்கி அடுத்ததை வாங்க வைக்கலாம் என்பதை ஒரு முறையாகவே ஆக்கினார். 1927-இல் ஹார்லி ஏர்லைக் கூட்டி வந்து தோற்றத்துக்கென்றே ஒரு பிரிவையும் தொடங்கினார்கள். 2025-இன் முன்விளக்கு அந்த வம்சம். ஐஎஸ் எஃப்பின் டார்சன் எவோவின் வம்சம். வண்டி ஒவ்வொரு வருஷமும் இந்த இரண்டு வம்சத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு பக்கம் சாய்கிறது. ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ 2023-இல் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் சாய்ந்தது: புது விளக்கு, புது டிஜிட்டல் மீட்டர், 510 இருந்தது 520, அதோடு பின்பக்கம் இயந்திர வகை டிஃபரன்ஷியல். கடைசியாகச் சொன்னதுக்காக நான் மற்றதையெல்லாம் மன்னிப்பேன். காடிலாக் சிடி5-வி பிளாக்விங் 2025-இல் 33 அங்குலத் திரையை வைத்துவிட்டு, 668 குதிரைத்திறன் வி8-ஐயும் ஆறு கியர் மேனுவலையும் தொடாமல் விட்டது. அதையும் மன்னிக்கலாம்.

வருஷ மாடலைக் கண்டுகொள்ளாத டெஸ்லா இன்னும் பதற வைக்கிறது. அங்கே மாற்றம் வருஷத்துக்காகக் காத்திருப்பதில்லை, பாகம் மாறினால் அன்றே மாறும். மாடல் 3-இல் 2021-இல் ரேடாரை எடுத்தார்கள், 2022-இல் நிறுத்தும்போது தூரம் சொல்லும் அல்ட்ராசானிக் சென்சார்களை எடுத்தார்கள். 2024-இன் புது வடிவில் இன்டிகேட்டர் தண்டையே எடுத்து ஸ்டீயரிங்கில் பொத்தானாக வைத்தார்கள். போன மாதம் வாங்கியவருக்கும் இந்த மாதம் வாங்கியவருக்கும் நடுவில் பேப்பரில் எந்தக் கோடும் கிடையாது. அவர்களோடு ஒப்பிட்டால் பிஎம்டபிள்யூ வழக்கம் எவ்வளவோ தேவலை. எந்த மாத உற்பத்தி என்று தெரிந்தால் எது இருக்கும், எது இருக்காது என்று சொல்லிவிடலாம்.

இந்த உற்பத்தி மாத விஷயத்தில்தான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். மாடல் வருஷமும் காலண்டர் வருஷமும் ஒன்றில்லை. அமெரிக்க விதிப்படி அடுத்த வருஷ மாடலை முந்தின ஜனவரி 2 முதலே விற்கலாம். சேஸிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து மாடல் வருஷத்தைச் சொல்லும். அங்கே 2021-க்கு M, 2023-க்கு P, 2025-க்கு S. மற்ற நாடுகளில் அந்த எழுத்தை நம்ப முடியாது, உற்பத்தி மாதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு விற்பனைக் கூடத்தில், "சார், இதுதான் லேட்டஸ்ட், இனி மாற்றமே வராது" என்று சத்தியம் செய்து பழைய விளக்கு வண்டியைத் தள்ளிவிட்டார்கள். புதியது அறிவித்தே சில வாரம் ஆகியிருந்தது. அவர் கோபம் இன்னும் தீரவில்லை. வண்டி மேல் கோபமில்லை, அந்த விற்பனையாளரின் சிரிப்பு மேல்தான்.

முதல் வருஷ மாடலைத் தொடாதே, கடைசி வருஷத்தை வாங்கு என்று ஒரு பழைய உபதேசம் உண்டு. அண்ணன் அந்தக் கட்சி. "முதல்ல வாங்குறவன் கம்பெனிக்கு டெஸ்ட் டிரைவர். கடைசில வாங்குறவன்தான் கஸ்டமர்," என்பார். எஞ்சின், கியர்பாக்ஸ் விஷயத்தில் அவர் சொல்வது சரி. மூன்றாம் நாலாம் வருஷத்தில் சின்னச் சின்ன பாக எண்கள் மாறியிருக்கும், யாரும் அறிவிக்க மாட்டார்கள். ஆனால் அந்த உபதேசம் பிறந்த காலத்தில் வண்டிக்குள் பொத்தானை எடுக்கிற வழக்கம் இல்லை. இப்போது கடைசி வருஷம் என்றால் தேறிய எஞ்சினும் தேய்ந்த கேபினும். எது நமக்கு முக்கியம் என்று பார்த்துத்தான் வருஷத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால்: 2021 மேனுவல் வைத்திருப்பவர் 2025-ஐப் பார்த்துப் பெருமூச்சு விட ஒரே காரணம் அந்த ஸ்டீயரிங்தான், அதற்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை. முதல்முறையாக ஆட்டோமேட்டிக் எம்3 வாங்கப் போகிறவர் 2025-ஐயே எடுக்கட்டும், 8.5 மென்பொருளுக்காகவும் ஸ்டீயரிங்குக்காகவும். 20 பிஎஸ்ஸுக்காக இல்லை. பழைய வண்டிச் சந்தையில் தேடுபவருக்கு, எக்ஸ்டிரைவ் வந்த பிறகு, வளைந்த திரை வருவதற்கு முன் தயாரான சுமார் ஒரு வருஷத்து வண்டிகள் இருக்கின்றன. நாலு சக்கர இழுவை உண்டு, பொத்தானும் உண்டு. விற்பவர்கள் அதை "பழைய டேஷ்போர்டு" என்று தாழ்த்திச் சொல்வார்கள். நன்றாகச் சொல்லட்டும், பேரம் பேச வசதி. 2023-ஐ மட்டும் நான் தேடிப் போய் வாங்கமாட்டேன். தம்பியிடம் இதைச் சொன்னேன். "உங்களுக்கு விரல்ல கண்ணுக்கா, எனக்கு இல்லை," என்று சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

இதைப் படித்து முடிவெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அன்றைக்கு அண்ணன் வண்டியில் டயர் கிட்டத்தட்டப் புதிது. என் வண்டியின் பின் டயர்கள், 285/35, பாதிக்கு மேல் தேய்ந்தவை. ஈர வளைவில் நான் பார்த்த வித்தியாசத்தில் எவ்வளவு முன்சக்கர இழுவையால் வந்தது, எவ்வளவு டயரால் வந்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. புது ஜோடி போட்ட பிறகு அதே பாதைக்கு மறுபடி போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். மழை விட்ட அடுத்த நாள் காலையாகப் பார்த்துப் போகலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.